சுற்றும் சுஷிக் கடை எப்படி நடக்கிறது? பெல்ட்டில் போகும் மீன் பழசாகாதா?

ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "ஜப்பானில் பெல்ட்டில் தட்டு தட்டாக சுஷி சுற்றி வரும் கடைகளை வீடியோவில் பார்த்தேன். அது எப்படி இயங்குகிறது? யாரும் எடுக்காத தட்டு சுற்றிக்கொண்டே இருந்தால் மீன் கெட்டுப்போகாதா? பச்சை மீனை அவ்வளவு மலிவாக எப்படிக் கொடுக்க முடிகிறது?"

கெட விடமாட்டார்கள் என்பதுதான் சுருக்கமான பதில். அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் ஒசாகாவில் குடும்பத்தோடு இருக்கிறேன். தொழிற்சாலைகளுக்குக் கன்வேயர் பொருத்தித் தருவது என் வேலை. இந்தக் கடைகளுக்குச் சாப்பிடப் போனாலும் என் கண் தட்டைவிட அதன் அடியில் ஓடும் சங்கிலி மேல்தான் போகும்.

இந்தக் கடைகளுக்கு ஜப்பானிய மொழியில் 'கைதென் சுஷி' என்று பெயர். கைதென் என்றால் சுற்றுவது; சுஷி என்றால் வினிகர் சேர்த்த சோற்று உருண்டை மேல் மீன் துண்டு வைத்த பண்டம். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் வாளியோடு நடந்து வருவார். வேண்டுமென்றால் வாங்கிக்கொள்வோம், வேண்டாமென்றால் இலைக்கு மேல் கையைக் காட்டுவோம். இங்கே வாளிக்காரருக்குப் பதில் கன்வேயர் நடக்கிறது. உட்கார்ந்த அடுத்த நொடியே சாப்பிட ஆரம்பிக்கலாம், காத்திருப்பதே கிடையாது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: யார் எடுப்பார்கள் என்று தெரியாமலே பண்டத்தைச் செய்து அனுப்பியாக வேண்டும், அனுப்பிய நிமிடத்திலிருந்து அது பழசாகத் தொடங்குகிறது. வாடிக்கையாளரின் நேரத்தை மிச்சப்படுத்த மீனின் நேரத்தைச் செலவழிக்கிறார்கள். இந்தத் தொழிலில் வந்த கண்டுபிடிப்புகளில் பெரும்பாலானவை அந்தச் செலவைக் குறைக்க வந்தவைதான்.

இதைத் தொடங்கியவர் யோஷியாகி ஷிராயிஷி. ஒசாகாவை ஒட்டியுள்ள ஹிகாஷி ஒசாகாவில் ஒரு சின்ன சுஷிக் கடை வைத்திருந்தார். ஊர் முழுக்க சிறு பட்டறைகள். சாப்பிட வருகிறவர்கள் அங்கே வேலை செய்யும் ஆட்கள். மதியத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள், எல்லோருக்கும் அவசரம். சுஷி பிடிக்கத் தெரிந்த ஆட்களோ கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் தங்குவதில்லை. அந்தச் சமயத்தில் அவர் அசாஹி பீர் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போனார். அங்கே பாட்டில்கள் வரிசையாகக் கன்வேயரில் போவதைப் பார்த்ததும், சுஷியை ஏன் இப்படி அனுப்பக்கூடாது என்று தோன்றியிருக்கிறது.

தோன்றியது ஒரு நாளில், செய்து முடிக்க ஆனது ஏறக்குறைய ஐந்து வருடம். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் காரணம் உடனே புரியும். நேராக ஓடும் கன்வேயரை யாரும் செய்துவிடலாம், திருப்பத்தில்தான் சிக்கல். கடை சின்னது, பெல்ட் சமையல்காரரைச் சுற்றி வளைந்து மறுபடி அவரிடமே வர வேண்டும். சதுரத் தகடுகளைக் கோத்துத் திருப்பினால் வெளிப்பக்கம் இடைவெளி விழும், உள்பக்கம் தகடுகள் முட்டிக்கொள்ளும். அந்த இடைவெளியில் தட்டு சரியும், விரல் மாட்டும், சோற்றுப் பருக்கை விழுந்து அடைக்கும். ஷிராயிஷி ஒருநாள் விசிட்டிங் கார்டுகளை மேசையில் விசிறிபோல் விரித்தபோது விடை கிடைத்தது என்று சொல்வார்கள். தகட்டைப் பிறை வடிவத்தில் வெட்டினால், ஒன்றன் வளைவு அடுத்ததன் குழிவுக்குள் உட்கார்ந்துகொள்ளும். திரும்பும்போது ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும், இடைவெளியே விழாது.

இன்றைக்கும் அடிப்படை அதுதான். நாம் 'பெல்ட்' என்கிறோமே தவிர, பெரும்பாலான கடைகளில் அது பெல்ட்டே கிடையாது. அடியில் ஒரு சங்கிலி, அதன் மேல் கணுக்கணுவாகப் பொருத்திய பிறைத் தகடுகள், ஒரு மூலையில் சங்கிலியை இழுக்கும் மோட்டார். அடுத்த முறை போனால் திருப்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். நேர்கோட்டில் போகும்போது மீன் செதில்போல் ஒழுங்காக அடுக்கியிருக்கும் தகடுகள், வளைவு வந்ததும் உள்பக்கம் நெருங்கி வெளிப்பக்கம் விரியும். மேலே இருக்கும் தட்டு ஒரு மயிரிழைகூட ஆடாது. கிண்ணத்தில் இருக்கும் மிசோ சூப்பின் மேற்பரப்பு லேசாக நடுங்கும், அவ்வளவுதான்.

வேகத்தையும் அவர் சோதித்துச் சோதித்துத்தான் முடிவு செய்தார்: நொடிக்கு 8 செ.மீ. அதைவிட வேகமாகப் போனால் என்ன மீன் என்று பார்த்து முடிவெடுப்பதற்குள் தட்டு தாண்டிவிடும், காற்றில் மீனும் சீக்கிரம் காயும். மெதுவாகப் போனால் பசியோடு இருப்பவருக்குப் பொறுமை போய்விடும். இந்த வேகத்தில் 40 மீட்டர் நீளமுள்ள ஒரு சுற்றை முடிக்க எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். இந்த முறை விட்டாலும் கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும் என்று நம்பி உட்கார அது சரியான இடைவெளி.

அப்புறம், ஜப்பானில் பெரும்பாலான கடைகளில் பெல்ட் கடிகாரச் சுற்றில் ஓடும். உட்கார்ந்திருப்பவருக்குத் தட்டு வலப்பக்கமிருந்து வந்து இடப்பக்கம் போகும். வலது கையில் சாப்ஸ்டிக் இருக்கும், இடது கையால் தட்டை எடுக்க அதுதான் தோது என்று காரணம் சொல்கிறார்கள்.

1958-ல் ஃபுசே ரயில் நிலையத்துக்கு அருகில் முதல் சுற்றும் கடை திறந்தது, பெயர் கென்ரோகு சுஷி. 1962-ல் அந்த அமைப்புக்கு உரிமைப் பதிவும் வாங்கினார். 1970-ல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு ஆறு மாதத்தில் 6 கோடியே 40 லட்சம் பேர் வந்தார்கள். அங்கே கென்ரோகுவும் ஒரு கடை போட்டது, நாடே அதைப் பார்த்துவிட்டது. அதற்கு முன் சுஷிக் கடைக்குள் நுழையவே சாதாரண ஆட்கள் தயங்குவார்கள். விலைப்பட்டியல் இருக்காது, அன்றைய மீன் விலையை வைத்துச் சமையல்காரர் சொல்வதுதான் கணக்கு. சுற்றும் கடையில் தட்டின் நிறமே விலையைச் சொல்லிவிடும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு, சட்டைப் பையில் இருக்கும் பணத்துக்கு ஏற்ப எண்ணி எண்ணிச் சாப்பிடலாம். மீனைவிட இதுதான் பெரிய மாற்றம் என்று நான் நினைக்கிறேன். 1978-ல் அந்த உரிமை காலாவதியானதும் ஆளாளுக்குக் கடை திறந்தார்கள். ஷிராயிஷி பிற்காலத்தில் ரோபோ பரிமாறும் கடையையும் முயன்று பார்த்தார், அது எடுபடவில்லை. 2001-ல் காலமானார்.

இந்தக் கன்வேயர்களைச் செய்வது யார் என்று பலருக்குத் தெரியாது. ஜப்பானில் ஓடும் சுஷிக் கன்வேயர்களில் ஏறக்குறைய எல்லாமே இஷிகாவா மாகாணத்தில், கனசாவா வட்டாரத்தில் இருக்கும் இரண்டு நிறுவனங்களிடமிருந்து வந்தவை: இஷினோ, நிஹோன் கிரெசென்ட். இரண்டாவதன் பெயரிலேயே பிறை இருக்கிறது. இஷினோ 1974-ல் கன்வேயரிலேயே தேநீருக்கு வெந்நீர் வரும் ஏற்பாட்டைச் சேர்த்தது. இருக்கைக்கு முன்னால் ஒரு குட்டிக் குழாய் இருக்கும். கோப்பையில் பச்சைத் தேயிலைத் தூளைப் போட்டு, கோப்பை விளிம்பால் குழாயின் பட்டனை அழுத்தினால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விழும். டீ கொண்டுவரத் தனி ஆள் வேண்டியதில்லை. புதிதாகப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அது கை கழுவும் குழாய் இல்லை. ஊரிலிருந்து வந்த என் மாமா கை கழுவப் போய் விரலைச் சுட்டுக்கொண்டார். அன்றிலிருந்து யாரைக் கூட்டிப்போனாலும் நான் சொல்லும் முதல் வார்த்தை இதுதான்.

இப்போது சமையலறைக்குள் போவோம். முதல் தலைமுறைக் கடைகளில் பெல்ட்டின் நடுவே சமையல்காரர் நின்று கையால் பிடித்துக்கொண்டிருப்பார். இன்றைய பெரிய கடைகளில் அவரைப் பார்க்கவே முடியாது. வினிகர் சேர்த்த சோற்றை உருண்டையாகப் பிடிப்பது இயந்திரம். இதைச் செய்தவர்கள் சுசுமோ என்ற நிறுவனம். முன்பு இனிப்புப் பண்டங்களுக்கான இயந்திரம் செய்துகொண்டிருந்தார்கள். ஜப்பானில் அரிசி மிஞ்சிப்போய், வயலைக் குறைக்கும்படி அரசாங்கமே விவசாயிகளிடம் சொன்ன காலம் அது. வயலைக் குறைப்பதற்குப் பதில் மக்களை அதிகம் சோறு சாப்பிட வைக்க வேண்டும், அதற்கு சுஷி மலிவாக வேண்டும் என்று அதன் நிறுவனர் நினைத்தார். 1981-ல் முதல் சுஷி ரோபோ வந்தது. இன்று அந்த வகை இயந்திரம் மணிக்கு 4,800 உருண்டை வரை போடும். கெட்டியாக அமுக்கிவிட்டால் கொழுக்கட்டை ஆகிவிடும், லேசாக விட்டால் சாப்ஸ்டிக்கில் உதிரும். வெளியே பிடிமானமும் உள்ளே காற்றும் இருக்க வேண்டும், சோறு உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். வருடக் கணக்கில் பழகிய கை செய்வதை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த உருண்டை மேல் மீன் துண்டை வைப்பது மட்டும் பெரும்பாலும் மனிதக் கைதான், பகுதி நேரமாக வேலை பார்க்கும் கல்லூரி மாணவர்களே செய்துவிடுகிறார்கள்.

சரி, கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். எடுக்காத தட்டு என்ன ஆகும்?

ஒவ்வொரு தட்டுக்கும் வயது உண்டு, அந்த வயதைக் கணினி பார்த்துக்கொண்டிருக்கிறது. பல கிளைகள் உள்ள பெரிய நிறுவனங்களின் கடைகளில் தட்டின் அடியில் சிறிய சிப் இருக்கும், அல்லது தட்டிலோ மூடியிலோ படிக்கும் குறியீடு இருக்கும். சமையலறை வழியாக ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு கருவி அதைப் படிக்கும். கெடு தாண்டிய தட்டு பெல்ட்டிலிருந்து நீக்கப்படும். சுஷிரோ என்ற நிறுவனம் இதை நேரத்துக்குப் பதில் தூரமாகவே வைத்திருந்தது: 350 மீட்டர் ஓடிய தட்டு வெளியேற்றப்படும். குரா சுஷி என்ற இன்னொரு நிறுவனம் நேரத்தை வைத்துக் கணக்குப் பார்க்கிறது. சின்னக் கடைகளில் சிப் எல்லாம் இருக்காது. வெவ்வேறு நேரத்துக்கு வெவ்வேறு அடையாளம் வைத்து ஒருவர் கண்ணால் பார்த்து எடுப்பார், அல்லது பெல்ட்டில் குறைவாகவே விட்டுவிட்டு, கேட்பவர்களுக்குக் கையோடு செய்து கொடுப்பார்.

எறிவது நஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே எறிய வேண்டிய நிலையே வராதபடி முன்கூட்டி ஊகிப்பதுதான் உண்மையான திறமை. சுஷிரோ 2002-லிருந்து தட்டுக்கு சிப் பொருத்தி, எந்த மீன் எப்போது போனது, எங்கே எடுக்கப்பட்டது என்று எல்லாவற்றையும் சேர்த்துவைத்தது. நீங்கள் உள்ளே நுழையும்போது பெரியவர் எத்தனை, குழந்தைகள் எத்தனை என்று திரையில் தட்டச் சொல்வார்களே, அது இருக்கை ஒதுக்க மட்டும் இல்லை. உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆன குடும்பமும் அரை மணி ஆன குடும்பமும் ஒரே வேகத்தில் சாப்பிடாது. முதல் சில நிமிடங்களில் தட்டுகள் பறக்கும், கடைசியில் புட்டிங்கும் காபியும்தான். இதையெல்லாம் வைத்து, அடுத்த 1 நிமிடத்தில் என்ன வேண்டும், 15 நிமிடம் கழித்து என்ன வேண்டும் என்று சமையலறைத் திரையில் காட்டிவிடும். அனுபவசாலி ஒருவர் கடையை ஒரு நோட்டம் விட்டுச் சொல்வதை, நேற்று சேர்ந்த பையனும் திரையைப் பார்த்துச் செய்கிறான்.

காலித் தட்டின் பயணமும் பார்க்க வேண்டியது. குரா சுஷியில் மேசையோரம் ஒரு துவாரம் இருக்கும், சாப்பிட்ட தட்டை அதில் போட வேண்டும். அடியில் ஓடும் தண்ணீர் அதைக் கழுவும் இடத்துக்கு இழுத்துப் போகும். விழும்போதே எண்ணிக்கை பதிவாகிவிடும், மேசையைத் துடைக்கிறவர் தட்டு சுமக்க வேண்டியதில்லை. 2000-ல் இதோடு ஒரு விளையாட்டைச் சேர்த்தார்கள்: ஐந்து தட்டு போட்டால் திரையில் ஒரு கார்ட்டூன் ஓடும், ஜெயித்தால் மேலிருந்து பொம்மை அடைத்த ஓர் உருண்டை விழும். என் மகள் நாலாவது தட்டில் வயிறு நிறைந்துவிட்டது என்பாள். பிறகு துவாரத்தைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், "அப்பா, நீங்க இன்னொண்ணு சாப்பிடுங்க" என்பாள். அந்த ஐந்தாவது தட்டுதான் கடையின் லாபம் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் எடுத்துவிடுவேன்.

மலிவு எப்படி? ஓர் உணவகம் நூறு ரூபாய்க்கு விற்றால் பொருளுக்கு முப்பது ரூபாய் போல ஆகும் என்பது இந்தத் தொழிலின் பொதுக் கணக்கு. சுற்றும் சுஷியில் அது நாற்பத்தைந்து, ஐம்பது வரை போகும். சூரை மீன் தட்டில் கடைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். முட்டை, வெள்ளரிக்காய், மக்காச்சோள மயோனைஸ் ஆகியவற்றில் அதை ஈடுகட்டுகிறார்கள். ராமென், உருளைக்கிழங்கு வறுவல், கேக் எல்லாம் மெனுவில் இருப்பதும் இதனால்தான். ஆள் செலவு குறைவு, மேசையும் வேகமாகக் காலியாகும். முக்கியமாக, மீன் உலகம் முழுவதிலிருந்தும் உறைந்த நிலையில் வருகிறது. சூரையை மைனஸ் 60 டிகிரியில் வைத்தால் நிறமும் ருசியும் நீண்ட காலம் அப்படியே இருக்கும். இறால் வியட்நாம், இந்தோனேசியா, நம் இந்தியா என்று பல இடங்களிலிருந்து ஜப்பானுக்கு வருகிறது. 'எங்காவா' என்று ஒரு வகை உண்டு, ஹிராமே என்ற தட்டை மீனின் துடுப்போரச் சதை. நல்ல கடையில் விலை அதிகம். இந்தக் கடைகளில் அதே பெயரில் கிடைப்பது பெரும்பாலும் வடக்குக் கடல்களில் பிடிக்கும் வேறொரு பெரிய தட்டை மீனின் சதை. ருசி நெருக்கமாகவே இருக்கும்.

சால்மன் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. ஜப்பானியர்கள் காலங்காலமாக சால்மனைச் சுட்டுத்தான் சாப்பிட்டார்கள். அவர்கள் கடலில் பிடிபடும் சால்மனில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கும், பச்சையாகத் தின்றால் வயிற்றைப் பிடுங்கும். 1980-களின் நடுவில் நார்வே தன் பண்ணை சால்மனை சுஷிக்கு விற்க வந்தது. தீவனம் போட்டு வளர்த்ததால் புழு பயம் இல்லை. பெரிய சுஷிக் கடைகள் சீந்தவில்லை. சுற்றும் கடைகளில் குழந்தைகளும் இளைஞர்களும் எடுத்துச் சாப்பிட்டார்கள்: கொழுப்பு, மென்மை, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம். இன்று சுற்றும் சுஷியில் ஜப்பானியர்கள் அதிகம் விரும்பும் மீன் எது என்று கேட்கும் வருடாந்திரக் கணக்கெடுப்பில் பல வருடமாக சால்மன்தான் முதலிடம். பெல்ட்டில் கண்முன் வந்ததால்தான் அதை எடுத்துப் பார்த்தார்கள். பெயர் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

பல பெரிய கடைகளில் மிகக் குறைந்த தட்டின் விலை வரி நீங்கலாக 100 யென் என்று நெடுங்காலம் இருந்தது. 2022 அக்டோபரில் சுஷிரோவும் குராவும் அதைக் கைவிட்டன. யென் மதிப்பு சரிந்து, மீன் விலை ஏறியபிறகு வேறு வழி இருக்கவில்லை.

அதைவிடப் பெரிய அடி 2023 ஜனவரியில் விழுந்தது. ஓர் இளைஞன் கடையில் உட்கார்ந்து சோயா சாஸ் பாட்டிலின் வாயை நக்குவதும், எச்சில் விரலால் ஓடும் சுஷியைத் தொடுவதுமான வீடியோ நாடு முழுக்கப் பரவியது. இந்த முறையே, முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் நம்புவதில் நிற்பது. எனக்கு முன்னால் இருபது பேரைத் தாண்டி வரும் உணவை நான் யோசிக்காமல் எடுத்து வாயில் போடுகிறேன் என்றால், அந்த இருபது பேரையும் நம்புகிறேன் என்று அர்த்தம். அந்த வீடியோ பார்த்த அன்று எனக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது. சுஷிரோ பெல்ட்டில் சுஷி விடுவதை நிறுத்தி, கேட்ட தட்டை மட்டும் அனுப்பத் தொடங்கியது. பிறகு சில கிளைகளில் நீளமான திரை வைத்து, அதில் படமாக சுஷி ஓடும்படி செய்தது. குராவில் 2011 முதலே ஒவ்வொரு தட்டுக்கும் ஒளி ஊடுருவும் மூடி உண்டு (தட்டின் விளிம்பை லேசாகத் தூக்கினால் தானே திறக்கும், மூடியைக் கையால் தொடக்கூடாது). அவர்கள் மேலே கேமரா வைத்து, மூடி சந்தேகப்படும்படி திறந்து மூடினால் கண்டுபிடிக்க ஏற்பாடு செய்து, சுற்றுவதைத் தொடர்ந்தார்கள்.

ஆக, இன்று நீங்கள் போகும் கடையில் ஒன்றுமே சுற்றாமல் இருக்கலாம். தொடுதிரையில் கேட்டால், நேர்கோட்டில் ஓடும் தடத்தில் தட்டு சர்ரென்று வந்து உங்கள் மேசைக்கு முன்னால் நிற்கும், சில கடைகளில் அது ரயில் வடிவத்திலேயே இருக்கும். எடுத்ததும் பட்டனை அழுத்தினால் திரும்பிப் போய்விடும். மீன் வீணாவது இதில் மிகவும் குறைவு, ருசியும் புதிது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதுதான் மேல். ஆனால் தெரியாத ஒன்று கண்முன் வந்து 'எடுத்துப் பாரேன்' என்று கூப்பிடுவது இதில் இல்லை. திரையில் மனிதர்கள் தெரிந்ததையே தேடுகிறார்கள்.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்காக ஒரு விஷயம். சைவமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு வெள்ளரிக்காய் சுருள் பெரும்பாலும் பாதுகாப்பானது. இனிப்பான டோஃபு பைக்குள் சோறு வைத்த இனாரி பார்க்கச் சைவம்தான், ஆனால் அதை வேகவைக்கும் சாற்றில் பெரும்பாலும் கத்சுவோபுஷி இருக்கும். அது நம் மாசிக் கருவாட்டுக்குச் சொந்தக்காரன். முட்டை சுஷியிலும், மேசையில் இருக்கும் சில சோயா சாஸிலும் அதே கதை. எடுத்த தட்டை எந்தக் காரணத்துக்காகவும் பெல்ட்டில் திரும்ப வைக்காதீர்கள். வேறொருவர் கேட்ட தட்டு பெல்ட்டில் வந்தால், அதற்குத் தனி நிறத் தாங்கியோ பெயர் அட்டையோ இருக்கும், அதைத் தொட வேண்டாம்.

2025-ல் ஒசாகாவில் மறுபடி உலகக் கண்காட்சி நடந்தபோது குரா சுஷி அங்கே 338 இருக்கைகளோடு ஒரு கடை போட்டது, பெல்ட்டின் நீளம் சுமார் 135 மீட்டர். அது முடிந்துவிட்டது. ஆனால் ஷிராயிஷியின் கென்ரோகு சுஷி ஃபுசே நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. ஒசாகா வந்தால் நம்பா நிலையத்திலிருந்து கின்தெத்சு ரயிலில் ஏறிப் போய்விடலாம். மதியக் கூட்டம் ஓய்ந்தபிறகு போங்கள், அப்போதுதான் திருப்பத்துக்குப் பக்கத்து இருக்கை கிடைக்கும்.